நாற்பது விநாடி

கல்லடியில், கணக்கு டியூஷன் கலைந்த மாடியில்
பலகையின் திரிகோண கணிதத்தை அழிக்காமலே
அதன்மேல் வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டினோம்.
கறுப்பு வெள்ளைப் படம். ஸ்பானியம்.
யாரோ எழுதிவைத்த ஆங்கில வரிகளைப் பார்த்து
மைக்கில் நான் தமிழில் வாசிப்பதாக ஏற்பாடு.
கார்த்திகை மழை. இருபத்தொரு பேர்,
பன்னிரண்டு குடை.

உப்பளத்து ஊர் ஒன்று. அங்கே வெயில்
அவ்வளவு வெள்ளையாய் எரிந்ததில்
முன்வரிசை முகங்கள் எல்லாம் தெரிந்தன.
ஒருத்தி தலையணை உறை தைக்கிறாள்.
கடலுக்குப் போனவன்
பதினொரு வருஷம் கழித்து வந்து கதவைத் தட்டுகிறான்.
உள்ளே இன்னொருவனின் சப்பாத்து,
வாசலைப் பார்த்தபடி.

அப்போதுதான் கண்டேன்,
வரிகள் பிந்தி வருகின்றன.
நாற்பது விநாடி.
அவன் கேட்டுக் களைத்துப் படியில் குந்திச்
சுருட்டுப் பற்றவைக்கையில்
"நான்தான், திற" என்று வாசிக்கிறேன்.
அவள் அழுது முடித்து மீன் கழுவுகையில்
"அழமாட்டேன்" என்கிறேன்.
நாய் குரைக்கிற இடத்தில்
"உன் அம்மா போன மாசியில் செத்துப்போனா."
சிலர் சிரித்தார்கள். மறுகா நின்றது சிரிப்பு.
தவமலர் அக்கா முதலிலிருந்தே சிரிக்கவில்லை.
அவருக்கு வருகிற கடிதங்களும் இப்படித்தான்,
மகனுக்கு இன்னும் பத்தொன்பது வயதென்றே
எழுதி வருபவை.

கதவடியில் நனைந்து நின்றவன்
டெரின்ஸ் பர்த்தெலோட், சின்ன உப்போடை, வெல்டிங்.
திரைக்கு இரும்புச் சட்டம் அடித்துத் தந்ததில்
மீதி இரண்டாயிரத்துக்கு வந்தவன்.
"காசா" என்றாள் திரையில் அவள்.
"காசா!" என்றான் டெரின்ஸ், சத்தமாக.
பொருளாளர் நசீர் அவசரமாய்ச்
சட்டைப்பையைத் தொட்டார்.
"ஐயோ சேர், அந்தக் காசு இல்ல.
எங்கட பாசையில வீடு. அவ வீடெண்டு சொல்றா.
எங்கடது போர்த்துக்கீசம், இது வேற.
ஆனாலும் ஒரு வயித்துப் புள்ளைகள் போலக் கிடக்கு."

மறுகா ஒவ்வொன்றாய் அவனுக்குப் பிடிபட்டது,
கரண்ட் போன அறையில்
கைக்குச் சாமான் தட்டுப்படுவதுபோல்.
தண்ணி. கதவு. கடல். ராவு.
தெரியாததை விட்டுவிட்டான், வெட்கப்படவில்லை.
அவன் தாய் சமையலுக்கும் சண்டைக்கும் வைத்திருந்த
அந்த நாலு சொல்லைக்
கப்பல்காரர் எவரும் திரும்பி வந்து கேட்கவில்லை.
மைக்கை அணைத்தேன்.
வசனம் முழுக்க இருந்தபோது விளங்காத படம்
நாலு சொல்லில் ஓடியது.

கடைசிக் காட்சி.
கதவுக்கு இந்தப் பக்கம் அவள், பலகையில் நெற்றி.
அந்தப் பக்கம் மூச்சு மட்டும்.
தாழ்ப்பாளில் விரல்.
ஒரு சொல் சொன்னாள்.
உடனே திரை வெறும் வெள்ளை.

எல்லாரும் டெரின்ஸைப் பார்த்தோம்.
"அந்தச் சொல் எங்கட வீட்டில இல்ல" என்றான்,
சீனி கேட்டு வந்த அயலாரிடம் சொல்வதுபோல்.
எழுத்து வருமென்று நாற்பது விநாடி இருந்தோம்.
ஐம்பது. அறுபது.
படம் தீர்ந்த பிறகு வரி எங்கே வந்து விழும்?
"திறந்திருக்க மாட்டா" என்றது ஒரு குரல்.
"திறந்து முதல்ல சோத்தப் போடணும்,
சண்டையெல்லாம் கை கழுவின பிறகு" என்றது இன்னொன்று.
தவமலர் அக்கா எழுந்து
மாடிக்குள்ளேயே குடையை விரித்தார்.

இரவு, வீட்டில், கோப்பைத் திறந்து
கடைசி வரிக்குப் போனேன்.
அறுநூற்றுப் பதினாலாவது.
மணி, நிமிடம், விநாடி எல்லாம் எழுதியிருந்தது.
சொல் இருக்கவேண்டிய இடத்தில்
எந்த ஊரென்று தெரியாத அந்த ஆள்
அடைப்புக்குறி போட்டு எழுதியிருந்தார்:
விளங்கவில்லை.

எத்தனை தரம் பின்னுக்கு ஓட்டிக் கேட்டிருப்பாரோ.

நாளைக்கு உப்போடைக்குப் போகவேணும்,
டெரின்ஸின் காசாவுக்கு.
இன்னும் ஐந்நூறு பாக்கி.